கூகுள் ஒர்க்ஸ்பேஸ், பதினான்கு பேர், ஒரு பீரோச் சாவி

2023 ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஜெர்மனியிலிருந்து, எங்களிடம் பனியன் வாங்கும் பையர் போனில் அழைத்து, "பேங்க் கணக்கை மாற்றிவிட்டீர்களாமே, இந்த முறை பணத்தைப் புதுக் கணக்குக்கே அனுப்பிவிடட்டுமா?" என்று கேட்டார். நாங்கள் இருபத்தோரு வருடமாக ஒரே பேங்க், ஒரே கிளை. வயிற்றைப் பிசைந்தது. வந்த மெயிலை அப்படியே எனக்கு அனுப்பச் சொன்னேன். எங்கள் லோகோ இருந்தது. இன்வாய்ஸ் எண் சரி, தொகை சரி, அடியில் என் பெயர். கைபேசி எண்ணில் மட்டும் கடைசி இரண்டு இலக்கம் வேறு. அனுப்பியவர் முகவரியும் எங்களுடையதாகத்தான் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது முறை படித்தபோது பிடிபட்டது. கம்பெனிப் பெயரில் ஆங்கில 'எம்' வரவேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' என்று இரண்டு எழுத்துகளை நெருக்கி வைத்திருந்தார்கள். சின்ன எழுத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டு 'எம்' ஆகிவிடுகின்றன.

பணம் போகுமுன் போன் செய்யும் பழக்கம் அந்த மனிதருக்கு இருந்ததால் 38,400 யூரோ தப்பியது. அவர் மெயிலிலேயே கேட்டிருந்தால் பதில் திருடனிடமிருந்துதான் போயிருக்கும்.

இன்வாய்ஸ் எண் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று தேடியதில், பையர்களின் ஆர்டர்களைக் கவனிக்கும் எங்கள் மெர்ச்சண்டைசர் ஒருவரின் மெயில் பெட்டியில் ஒரு விதி எழுதி வைத்திருந்தது தெரிந்தது. 'இன்வாய்ஸ்', 'பேமெண்ட்' என்ற சொற்கள் வரும் மெயில் எதுவானாலும் வெளியே ஒரு முகவரிக்கு நகல் போகும். பதினொரு வாரமாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது நாங்கள் வைத்திருந்தது வெப்சைட்டோடு இலவசமாக வந்த மெயில். எல்லோருக்கும் ஒரே மாதிரி பாஸ்வேர்டு: கம்பெனிப் பெயர், பக்கத்தில் 123. வைத்தது நான்தான். வேறு யார்மேலும் பழி போடுவதற்கில்லை.

நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் அலுவலக மேலாளர். பி.காம். படித்தவள். ஃபேக்ஸ் காகிதம் தீர்ந்தால் ஓடிப்போய் வாங்கிவரும் வேலையில் சேர்ந்து இன்றைக்கு இந்த நாற்காலி. கம்ப்யூட்டர் துறை ஆள் எங்களிடம் கிடையாது. கம்ப்யூட்டர் முன் உட்காருகிறவர்கள் பதினான்கு பேர். அதில் யாராவது ஒருவர் அட்மின் ஆக வேண்டும் என்றபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள், நான் ஆனேன். கம்பெனி மெயிலையும் ஃபைல்களையும் கூகுளிடம் வைத்துக்கொள்ளும் கட்டணச் சேவை கூகுள் ஒர்க்ஸ்பேஸ்; அந்தச் செப்டம்பரில் அதன் பிசினஸ் ஸ்டாண்டர்டு திட்டத்துக்கு மாறினோம். இரண்டரை வருடம் ஆகிறது. எங்களைப் போன்ற சின்ன ஆபீஸ்களுக்கு இது எந்த அளவுக்கு லாயக்கு என்று பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் டீ வாங்கிக்கொடுத்துச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் ஒன்று. பணம் கட்டியவுடன் பாதுகாப்பும் சேர்ந்து வந்துவிடும் என்று முதலாளி நினைத்தார், நானும் நினைத்தேன். பூட்டுகள் எல்லாம் வருகின்றன, உண்மை. ஆனால் பல பூட்டுகள் திறந்த நிலையில் வருகின்றன. எது எங்கே இருக்கிறது என்று தேடி ஒவ்வொன்றாகத் திருகி மூட எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. அந்த உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் இந்தச் சேவைக்கு மதிப்பெண் போட முடியாது.

அதற்கும் முன்னால் ஒரு கூத்து. ஒர்க்ஸ்பேஸை நாங்கள் உள்ளூரில் ஒரு டீலர் மூலமாக வாங்கினோம். பெயர் வேண்டாம். அவர் வந்து எல்லாம் அமைத்துக் கொடுத்தார், மரியாதையான பையன். மூன்று வாரம் கழித்து ஓர் அமைப்பை மாற்றப் போனால், எனக்கு அனுமதி இல்லை என்கிறது திரை. எல்லா அமைப்பையும் மாற்றும் முழு அதிகாரம் உள்ள சூப்பர் அட்மின் அவருடைய மெயில் மட்டும்தான். எங்களுக்குக் கொடுத்தது அரைச் சாவி. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, எங்கள் டொமைன் பெயரே, அதாவது மெயிலிலும் வெப்சைட்டிலும் வரும் கம்பெனியின் இணையப் பெயரே, 2009இல் வெப்சைட் செய்துகொடுத்தவர் பெயரில் பதிவாகியிருந்தது. சொந்த இடத்தில் பதினைந்து வருடமாகக் கம்பெனி நடத்திவிட்டு, பட்டா புரோக்கர் பெயரில் இருப்பதைக் கண்டுபிடித்தது போல இருந்தது.

இது வெறும் கௌரவப் பிரச்சினை என்று நினைத்துவிட வேண்டாம். அட்மின் கணக்கு என்றைக்காவது கைநழுவிப் போனால், அதை மீட்க கூகுள் கேட்கும் முக்கியமான சான்று, டொமைனின் பதிவேட்டில் அவர்கள் சொல்லும் ஒரு வரியை நம்மால் சேர்க்க முடிகிறதா என்பது. டொமைன் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் கம்பெனி மெயில் முழுதும். அதை எங்கள் பெயருக்கு மாற்ற ஐந்து வாரம், பதினேழு போன் அழைப்பு. டீலரிடமிருந்து சூப்பர் அட்மினை வாங்கியது அரை மணி நேர வேலை; அவருக்கு முகம் சுருங்கியதுதான் மிச்சம். இப்போது சூப்பர் அட்மின் கணக்கு இரண்டு. ஒன்று என்னிடம், ஒன்று முதலாளியிடம். இரண்டிலும் அன்றாட மெயில் கிடையாது. அமைப்பை மாற்ற மட்டும் உள்ளே போவோம். என் தினசரி மெயில் எல்லோரையும் போல ஒரு சாதாரணக் கணக்கு.

அடுத்தது இரட்டைச் சரிபார்ப்பு: பாஸ்வேர்டு போட்டபின், வருவது நாம்தான் என்று இன்னொரு முறையும் காட்டுவது. ஒர்க்ஸ்பேஸில் எந்தத் திட்டத்திலும் இதைக் கட்டாயமாக்க முடியும், கூடுதல் காசு இல்லை. ஆனால் 'விருப்பம் உள்ளவர்கள் போட்டுக்கொள்ளலாம்' என்று விட்டால் விருப்பம் யாருக்கும் வராது. ஒரு தேதி குறித்து, அன்றுமுதல் கட்டாயம் என்று அட்மின் பக்கத்தில் போட்டுவிட வேண்டும். நான் ஆயுத பூஜைக்கு மறுவேலைநாளைக் குறித்தேன். தேதி வருமுன் பதினொரு பேர் போட்டுக்கொண்டார்கள். இரண்டு பேர் சொந்தப் போனை ஆபீஸ் வேலைக்குத் தரமாட்டோம் என்றார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மீதி ஒருவர் எங்கள் பேட்டர்ன் மாஸ்டர்.

மாஸ்டருக்கு அறுபத்து மூன்று வயது. பட்டன் போன். அன்று காலை கணக்குக்குள் போக முடியாமல் என் மேஜைக்கு வந்து நின்றார். "அம்மணி, நாற்பது வருடமாகக் கத்தரியைப் பிடித்தவனை வாசலில் நிறுத்திவிட்டதே உங்கள் கம்ப்யூட்டர்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் சுருக்கென்று இருந்தது. குறுஞ்செய்தியில் எண் வரவழைக்கலாம்தான். ஆனால் நம் எண்ணுக்கு இன்னொருவன் நகல் சிம் வாங்கிவிட்டால் அதுவும் அவனுக்குப் போகும். எனவே அவருக்கும் போன் தர மறுத்த இரண்டு பேருக்கும் பாதுகாப்புச் சாவி வாங்கினோம். பென் டிரைவ் அளவில் இருக்கும். கம்ப்யூட்டரில் செருகி, மேலே ஒரு விரலால் தொட்டால் போதும். மாஸ்டர் அதில் ஒரு கறுப்பு நூலைக் கோத்து, அளவு டேப்போடு சேர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். அதன்பின் இன்றுவரை பதினான்கு பேரில் ஒரு முறைகூட உள்ளே போக முடியாமல் தவிக்காதவர் அவர் ஒருவர்தான்.

போனில் 'நீங்கள்தானா?' என்று கேட்கும் முறைக்கு இருக்கும் ஓட்டையையும் பட்டே தெரிந்துகொண்டோம். கணக்குப் பிரிவில் ஒரு தம்பி. இரவு ஒன்பதே முக்காலுக்கு அவன் போன் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. ஐந்தாவது முறை, சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தொல்லை தாங்காமல் 'ஆம்' என்று அழுத்திவிட்டான். ஆபீஸ் பாஸ்வேர்டையே வேறு ஏதோ தளத்திலும் வைத்திருந்தான். அங்கே கசிந்திருக்க வேண்டும். காலையில் உள்நுழைவுப் பதிவைப் பார்த்தபோது, திருப்பூர் என்று வரவேண்டிய இடத்தில் நான் கேள்விப்படாத ஓர் ஊர். பாஸ்வேர்டை மாற்றி, அவனுடைய எல்லா உள்நுழைவுகளையும் அட்மின் பக்கத்திலிருந்தே துண்டித்தேன். ஒன்றும் போகவில்லை. அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதன்பின் கணக்குப் பிரிவு, மெர்ச்சண்டைசிங், எங்கள் அட்மின் கணக்குகள் எல்லாவற்றுக்கும் சாவி மட்டும்தான் என்று தனிப் பிரிவாக வைத்துவிட்டேன்.

சாவியின் சூட்சுமம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. பொய்யான உள்நுழைவுப் பக்கத்தைத் திறந்து வைத்து, நாம் தட்டும் பாஸ்வேர்டையும் ஆறு இலக்க எண்ணையும் அப்படியே வாங்கி அசல் பக்கத்தில் போட்டு நுழைகிறவர்கள் இருக்கிறார்கள். சாவி அப்படி ஏமாறாது. எந்த முகவரிக்குப் பதிவு செய்தோமோ அதே முகவரியா என்று அது தானே ஒப்பிட்டுப் பார்க்கிறது. 'ஆர்', 'என்' ஒட்டு வேலை என் கண்ணிடம் செல்லுபடியானது. அந்தச் சாவியிடம் செல்லாது. கூகுள் நிறுவனமே 2017 தொடக்கத்திலிருந்து தன் ஊழியர்களுக்குச் சாவியைக் கட்டாயமாக்கி, 85,000க்கு மேற்பட்டோரில் ஒருவர் கணக்கும் இப்படி ஏமாற்றிப் பறிபோகவில்லை என்று 2018இல் சொன்னது.

சாவி தொலைந்தால்? ஒவ்வொருவருக்கும் பத்து மாற்று எண்கள் கிடைக்கும், எட்டு இலக்கம், ஒன்றை ஒரு முறைதான் பயன்படுத்த முடியும். 'சாவி மட்டும்' பிரிவில் இருப்பவர்களுக்கு, தேவைப்படும்போது அட்மின்தான் எண் எடுத்துத் தர வேண்டும். மற்றவர்களை அச்சடித்துத் தரச் சொன்னேன். ஒரு பெண் அந்தத் தாளை மானிட்டரின் ஓரத்தில் செல்லோடேப்பால் ஒட்டி வைத்திருந்தாள், பூஜை அறைப் படத்துக்குப் பூ வைத்தது போல. இப்போது அவை உறைகளில், ஒவ்வொன்றின் வாயிலும் அவரவர் கையெழுத்து, செக் புத்தகம் இருக்கும் பீரோவில். பீரோச் சாவி என் இடுப்பில். கடைசியில் எல்லாப் பாதுகாப்பும் அங்கேதான் வந்து நிற்கிறது.

இப்போது யாரும் முணுமுணுப்பதில்லை. 2025 ஏப்ரலில் ஜி.எஸ்.டி.க்கான இ-வே பில், இ-இன்வாய்ஸ் அரசுத் தளங்களிலும் எல்லோருக்கும் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயமானபோது ஊரே புலம்பியது. எங்கள் ஆபீசில் யாரும் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அடுத்து, காசு கொடுத்ததற்கு எனக்கு உண்மையிலேயே மனநிறைவு தந்த விஷயம்: ஷேர்டு டிரைவ். பழைய நாளில் ஒரு மெர்ச்சண்டைசர் வேலையை விட்டுப் போனார். அடக்க விலைக் கணக்கான காஸ்டிங் ஷீட் முழுக்க அவருடைய சொந்த ஜிமெயிலில். இரண்டு சீசன் கணக்கு. அவர் கெட்டவர் இல்லை, கடைசியில் அனுப்பிவிட்டார். ஆனால் அனுப்பி முடிக்கும்வரை நான் அவர் வீட்டு வாசலில் நிற்காத குறையாக அழைத்துக்கொண்டிருந்தேன். ஷேர்டு டிரைவில் போடும் ஃபைல் போட்டவருடையது ஆகாது, கம்பெனியுடையதாகவே இருக்கும். ஆள் போனாலும் ஃபைல் அங்கேயே நிற்கும். பையருக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, ஊழியர் ஆவணங்களுக்கு ஒன்று என்று ஆறு டிரைவ் வைத்திருக்கிறோம். யார் பார்க்கலாம், யார் திருத்தலாம், யார் நீக்கலாம் என்று தனித்தனியாக அளந்து கொடுக்க முடிகிறது. பார்க்க மட்டும் அனுமதி உள்ளவர் டவுன்லோடு செய்யவோ பிரிண்ட் எடுக்கவோ முடியாதபடியும் வைக்கலாம்.

அவரவர் சொந்த டிரைவில் கிடக்கும் ஃபைல்கள் கதை வேறு. ஆள் விலகியதும் கணக்கை நீக்கும்போது, ஃபைல்களை இன்னொருவருக்கு மாற்றச் சொல்லி அது கேட்கும். அவசரத்தில் கேள்வியைத் தாண்டிவிட்டால், நீக்கிய கணக்கை மீட்க 20 நாள்தான் அவகாசம். நான் இப்போது யார் விலகினாலும் உடனே நீக்குவதில்லை. கணக்கை நிறுத்தி மட்டும் வைத்து, ஒரு மாதம் கழித்து நிதானமாக மாற்றுகிறேன். நிறுத்திய கணக்குக்கும் கட்டணம் ஓடும். ஓடட்டும்.

ஊழியர் ஆவண டிரைவை அமைக்கும்போது ஒன்று பார்த்தேன். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பதிவுக்காக எங்கள் தொழிலாளர் விடுதியில் தங்கி வேலை செய்யும் பிள்ளைகளின் ஆதார் அட்டைகளைப் போனில் படமெடுத்து ஒரு ஃபோல்டரில் போட்டிருந்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு ஆதார். ஃபோல்டர் ஆபீஸ் முழுக்கத் திறந்து கிடந்தது. மறுநாளே அதை இரண்டு பேருக்கு மட்டும் சுருக்கினேன். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன. தகுந்த பாதுகாப்பு வைக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது சட்டம். அந்த எண்ணைச் சொன்னதும் முதலாளி செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டார். எனக்கோ, ஒடிசாவிலிருந்து வந்து எங்களை நம்பி அட்டையைக் கொடுத்த அந்தப் பிள்ளைகளின் போட்டோக்கள்தான் கண்ணில் நின்றன.

லிங்க் விஷயத்துக்கு வருகிறேன், நான் அதிகம் சண்டை போட்டது இதற்குத்தான். 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்று ஒரு வசதி. எல்லோருக்கும் பிடித்த வசதி, ஏனென்றால் அனுமதி கேட்டு யாரும் திரும்பி அழைக்க மாட்டார்கள். எங்களுக்குக் கூலிக்குப் பிரிண்டிங் செய்துதரும் ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு ஒரு முறை நேரில் போயிருந்தேன். அங்கே டேபிளில் வேலை செய்துகொண்டிருந்த பையன் கையில் போன். அதில் எங்கள் டெக் பேக், அதாவது ஓர் ஆடையின் முழு விவரக் கோப்பு. பையர் பெயர், விலை, அடுத்த சீசன் டிசைன், பன்னிரண்டு பக்கமும். அவனுக்கு வேண்டியது நான்காம் பக்கத்தில் இருந்த பிரிண்ட் அளவு மட்டும். "தம்பி, இது உனக்கு எங்கிருந்து வந்தது?" என்றேன். "குரூப்பில் போட்டார்கள் அக்கா" என்றான். குரூப்பில் நாற்பத்தாறு பேர். அதில் பாதிப் பேர் எனக்கு யாரென்றே தெரியாது.

அன்று மாலை அட்மின் பக்கத்தில் அந்த வசதியையே எடுத்துவிட்டேன். வெளியாருக்குப் பகிர வேண்டுமானால் அவருடைய மெயில் முகவரியைப் போட்டுத்தான் பகிர வேண்டும். அனுப்புமுன் 'இவர் வெளியாள்' என்று எச்சரிக்கை வரும். கூகுள் கணக்கு இல்லாத பையருக்கு அவர் மெயிலுக்கே ஓர் எண் போகும், அதைப் போட்டுத் திறக்கலாம். எத்தனை நாளுக்கு அனுமதி என்று தேதியும் குறிக்கலாம். சாம்பிள் ஒப்புதல் ஆனபின் தானாக மூடிக்கொள்ளும். ஜெர்மனிக்காரருக்கு இது பிடித்தே இருந்தது.

ஜாப் ஒர்க்காரர்களுக்கு இது ஒத்துவரவில்லை, ஒத்துவராது. சாயப்பட்டறையிலும் பிரிண்டிங்கிலும் மெயில் பார்க்கிறவர் கிடையாது; அங்கே உலகம் வாட்ஸ்அப்பில் நடக்கிறது. இரண்டு வாரம் அடம் பிடித்துவிட்டு இறங்கி வந்தேன். இப்போது டெக் பேக்கை வெட்டி, பையர் பெயரை எடுத்துவிட்டு, அவரவருக்கு வேண்டிய ஒரு பக்கத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். ஒர்க்ஸ்பேஸ் எத்தனை பூட்டு வைத்தாலும் ஒரு ஸ்கிரீன்ஷாட்டை அதனால் தடுக்க முடியாது.

மெயிலில் நான் செய்த முதல் காரியம், தானாக வெளியே நகல் அனுப்பும் வசதியை ஆபீஸ் முழுக்க மூடியது. அட்மின் பக்கத்தில் ஒரே ஒரு டிக். அதை எடுத்தபோது பதினொரு வாரம் ஞாபகம் வந்தது. அடுத்து எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்றும். எங்கள் பெயரில் மெயில் அனுப்ப யாருக்கு உரிமை என்று டொமைன் பதிவேட்டில் எழுதி வைப்பது முதலாவது. ஒவ்வொரு மெயிலிலும் கண்ணுக்குத் தெரியாத முத்திரை குத்துவது இரண்டாவது. இரண்டிலும் தேறாத மெயிலை என்ன செய்வது என்று பெறுகிறவருக்குச் சொல்வது மூன்றாவது. எடுத்த எடுப்பில் 'நிராகரி' என்று போடாதீர்கள். முதலில் கண்காணிப்பு மட்டும் வைத்தேன். எங்கள் பெயரில் சம்பளச் சீட்டு அனுப்பும் ஒரு மென்பொருள் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. அதைச் சரிசெய்து, 'தனிமைப்படுத்து' வைத்து, 'நிராகரி'க்கு வர நான்கு மாதம்.

இத்தனையும் செய்துவிட்டு ஜம்பமாக முதலாளியிடம் போய்ச் சொன்னபோது அவர் கேட்டார்: "அந்த 'ஆர்-என்' மெயில் இப்போது வந்தால் நின்றுவிடுமா?" நிற்காது. டிமார்க் எங்கள் பெயரையே திருடி அனுப்புவதைத் தடுக்கும். எங்களைப் போலவே தெரியும் வேறு பெயரை ஒருவன் காசு கொடுத்து வாங்கினால் அது அவன் டொமைன், அதற்கு அவனே முத்திரையும் குத்திக்கொள்வான். இது போன்ற போலிப் பெயர்களிலிருந்து எங்களுக்கு வரும் மெயிலை எச்சரிக்கையோடு காட்டும்படி ஜிமெயிலில் வைக்கலாம், வைத்திருக்கிறேன். பையரின் பெட்டியில் நமக்கு அதிகாரம் இல்லை. எனவே அந்த 'ஆர்-என்' பெயரையும் இன்னும் மூன்று சாயல்களையும் நாங்களே வாங்கிப் போட்டுவிட்டோம். ஒவ்வொரு இன்வாய்ஸின் அடியிலும் சிவப்பில் ஒரு வரி: 'எங்கள் வங்கிக் கணக்கு மாறினால் மெயிலில் சொல்லமாட்டோம், போன் செய்து கேளுங்கள்.' ஊரில் யாருக்காவது பணம் போயே விட்டதென்றால் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். நேரம் ஆக ஆகப் பணம் கணக்குக் கணக்காகத் தாவிவிடும்.

இனிக் குறைகள். பிசினஸ் ஸ்டாண்டர்டில் வால்ட் கிடையாது. மெயிலையும் ஃபைலையும் யார் அழித்தாலும் அழியாமல் ஆண்டுக்கணக்கில் காத்து வைக்கும் வசதி அது. பிசினஸ் பிளஸ் திட்டத்திலிருந்துதான் வரும். நம் தொழிலில் பையரோடு தகராறு எட்டு மாதம் கழித்துத்தான் முளைக்கும். ஸ்டாண்டர்டில் அழித்த ஃபைல் 30 நாள் குப்பையில் இருக்கும், அதன்பின் அட்மின் மீட்க 25 நாள், அத்தோடு சரி. ஆதார் எண், கணக்கு எண் போன்றவை வெளியே போனால் தானாகப் பிடிக்கும் டிரைவ் தடுப்பு வசதி பிசினஸ் திட்டங்கள் எதிலுமே இல்லை, எண்டர்பிரைசுக்குப் போக வேண்டும். பதினான்கு பேர் கம்பெனிக்கு அது யானை வாங்கும் கதை. யார் எந்த ஃபைலைத் திறந்தார் என்ற பதிவு ஆறு மாதம் நிற்கிறது, அது போதும்.

வருட ஒப்பந்தத்தில் ஆள் எண்ணிக்கையைக் கூட்டலாம், நடுவில் குறைக்க முடியாது. சீசனுக்கு ஆள் எடுத்துச் சீசன் முடிந்ததும் அனுப்பும் ஊரில் இதை யோசித்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். நாங்கள் பன்னிரண்டு பேரை வருட ஒப்பந்தத்தில் போடலாமா, எல்லோரையும் மாதக் கணக்கில் போடலாமா என்று ஒரு மாலை முழுக்கக் கால்குலேட்டரோடு உட்கார்ந்து, கொஞ்சம் கூடுதல் செலவானாலும் மாதக் கணக்கையே எடுத்தோம். ஸ்டாண்டர்டு கட்டணம் அடித்திட்டமான ஸ்டார்ட்டரைவிடப் பல மடங்கு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 18 சதவீத ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம் என்பது சிறு ஆறுதல்.

பேக்கப் பற்றி யாரும் ஏமாற வேண்டாம். கம்ப்யூட்டரில் டிரைவ் ஃபோல்டரைத் திறந்து வைத்திருக்கும்போது வைரஸ் ஃபைல்களைக் கெடுத்தால், கெட்டதே மேலேயும் போய்ச் சேரும். பழைய பதிப்பு இருக்கும். ஆனால் எக்செல், பி.டி.எஃப். போன்றவற்றுக்கு 30 நாள் அல்லது 100 பதிப்பு என்பதுதான் கணக்கு. அதனால் சனிக்கிழமைதோறும் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் மாற்றி மாற்றி நகல் எடுக்கிறோம். ஒன்று ஆபீஸ் பீரோவில். இன்னொன்று என் வீட்டில், பட்டுப்புடவைகளுக்கு அடியில். வீட்டுக்காரர் அதை ஒரு நாள் கையில் எடுத்துப் பார்த்து, "இதற்குள்ளா எட்டு வருட பனியன் இருக்கிறது?" என்றார்.

போன் தொலைந்த கதை ஒன்றே ஒன்று. செக்கிங் சூப்பர்வைசர் பல்லடம் பஸ்ஸில் போனை விட்டுவிட்டார். அவர் அழைத்த பத்தாவது நிமிடம், அட்மின் பக்கத்திலிருந்து அந்தப் போனில் இருந்த ஆபீஸ் கணக்கை மட்டும் துடைத்துவிட்டேன். அவர் குழந்தை போட்டோக்களில் கை வைக்கவில்லை. போன் மறுநாள் டிப்போவில் கிடைத்தது, ஆனாலும் அந்த அவசரம் வீண் போகவில்லை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் எல்லோரும் போனுக்கு ஒழுங்காக லாக் வைத்தார்கள்.

வாங்குமுன் மற்ற இரண்டையும் பார்த்தோம். மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியத்தில் கம்ப்யூட்டர், போன் நிர்வாகமும் வைரஸ் காவலும் சேர்ந்தே வருகின்றன. விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நிறைய வைத்து எக்செல்லிலேயே மூழ்கியிருப்பவர்கள் அதைப் பார்ப்பது நல்லது. புதிதாகச் சேர்பவர்களுக்கு இரட்டைச் சரிபார்ப்பை அவர்களே தொடக்கத்தில் இயக்கி வைத்துத் தருகிறார்கள், இது எனக்குப் பிடித்திருந்தது. நம் ஊர் ஸோஹோவும் பட்டியலில் இருந்தது. இந்தியாவிலேயே தரவு மையம். எங்கள் பையர்களில் இருவர் கூகுள் ஷீட்டிலேயே ஆர்டர் நிலவரம் கேட்பவர்கள் என்பதால் மட்டும் இந்தப் பக்கம் சாய்ந்தோம்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் மூன்றே முக்கால். உள்ளே இருக்கும் பூட்டுகளுக்கு நாலரை கொடுப்பேன்; அவற்றைத் திறந்தே கொடுப்பதற்கும் வால்ட்டை மேல் திட்டத்தில் வைத்திருப்பதற்கும் முக்கால் கழித்தேன். கம்ப்யூட்டர் ஆள் இல்லாத கம்பெனி என்றால், மாதம் ஒரு முழு மதியத்தை இதற்கென ஒதுக்கும் ஒருவர் இருந்தால் மட்டும் வாங்குங்கள். எங்களிடம் மாதத்தின் முதல் வெள்ளி மதியம். வெளியாருக்குத் திறந்திருக்கும் ஃபைல்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றாக உரியவரிடம் கேட்டு மூடுவேன்.

போன தை மாதப் பட்டியலில் ஏழு ஃபைல். ஆறை மூடினேன். ஏழாவது முதலாளி மகன் கல்யாண அழைப்புப் பட்டியல். முதலாளியே சூப்பர் அட்மினில் நுழைந்து, நான் மூடி வைத்த வசதியைத் திறந்து, 'லிங்க் உள்ள எவரும் திருத்தலாம்' என்று போட்டு உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தார். அதில் 1,140 பெயர், வீட்டு முகவரி, போன் எண். அவர் அறைக்குப் போய் நின்றேன். நான் வாயைத் திறக்குமுன் அவரே, "திருத்தத்தை எடுத்துவிடு, பார்ப்பது மட்டும் இருக்கட்டும், சம்பந்தி வீட்டில் இன்னும் பெயர் சேர்க்கிறார்கள்" என்றார். பார்ப்பது மட்டும் இருந்தால் பெயர் எப்படிச் சேர்ப்பது என்று நான் கேட்கவில்லை. மூன்று பேர் மெயில் முகவரியை வாங்கி அவர்களுக்கு மட்டும் திருத்த அனுமதி கொடுத்துவிட்டு, லிங்க்கை மூடினேன். கல்யாணம் முடிந்த மறுநாள் அந்த மூன்றையும் எடுத்தேன்.